ஆர் மென்பொருளில் சிவப்பு எழுத்து வந்தால் எங்கே தேடுவது?

ஆய்வறிக்கைக் காலம் வந்துவிட்டால் பினாங்கு மாணவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் படமாக வந்து குவியும். படத்தில் ஒரே ஒரு சிவப்பு வரி, கூடவே "அண்ணே, இது என்ன?" என்ற கேள்வி. பெரும்பாலும் சிண்டாக்ஸ் பிழைதான். அதாவது, நீங்கள் எழுதிய வரியின் அமைப்பே புள்ளியியல் மென்பொருளான ஆருக்குப் (R) புரியவில்லை. கணக்குக்குள் அது இன்னும் போகவே இல்லை.

கீழே உள்ள உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: இடது ஓரத்தைப் பாருங்கள்

கட்டளை தட்டும் சாளரமான கன்சோலில் > இருந்தால் ஆர் தயார். + இருந்தால் முந்தைய வரி முடியவில்லை என்று பொருள். எங்கோ ஓர் அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ மூடப்படாமல் கிடக்கிறது. இது தெரியாமல் பலர் அடுத்தடுத்த கட்டளைகளைத் தட்டிக்கொண்டே போவார்கள், எல்லாம் அந்தப் பழைய வரியோடு ஒட்டிக்கொள்ளும். எஸ்கேப் விசையை அழுத்துங்கள், > திரும்பிவிடும்.

படி 2: பிழைச் செய்தியின் கடைசிச் சொல்லைப் படியுங்கள்

தே தாரிக் தேநீரின் விலைகளை, மதிப்புகளை ஒன்றுசேர்க்கும் 'சி' கட்டளையால் இப்படிக் கொடுக்கிறீர்கள்:

விலை <- சி(2.20, 2.50 2.80)

"அன்எக்ஸ்பெக்டட் நியூமெரிக் கான்ஸ்டன்ட்" என்று வரும். அதாவது, எதிர்பாராத இடத்தில் ஓர் எண். செய்தி உங்கள் வரியை 2.80 வரை காட்டி நின்றுவிடும். ஆனால் 2.80இல் குற்றமில்லை, அதற்கு முன்னால் கமா விட்டுப்போயிருக்கிறது. ஆர் தடுக்கி விழுந்த இடத்தைத்தான் காட்டும். கல் அதற்குச் சற்று முன்னால்தான் கிடக்கும்.

"அன்எக்ஸ்பெக்டட் சிம்பல்" என்றால் பெயர்களைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர்த் தரவில் இது ரொம்பவே வரும், ஏனென்றால் 'புலாவ் பினாங்', 'கோலாலம்பூர்' எல்லாம் மலாய் எழுத்தில் இரண்டு சொற்கள். மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் இரண்டாவது சொல்லில் ஆர் முட்டிக்கொள்ளும். மதிப்பாக இருந்தால் மேற்கோள்குறிக்குள் போடுங்கள். நெடுவரிசைப் பெயராக இருந்தால் ` குறிக்குள். அது விசைப்பலகையில் 1க்கு இடப்பக்கம் இருக்கும். பெயர் எண்ணில் தொடங்கினாலும் இதே பிழைதான்.

படி 3: ஒட்டிய நிரலைச் சந்தேகப்படுங்கள்

வேர்டிலிருந்து நகலெடுத்தால் மேற்கோள்குறிகள் வளைந்து வரும். பார்க்க அழகு, ஆருக்கு ஆகாது. அழித்துவிட்டு ஆர் எழுதும் செயலியான ஆர்ஸ்டூடியோவிலேயே மறுபடி தட்டுங்கள்.

படி 4: சிண்டாக்ஸ் பிழைதானா?

"ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்" என்றால் வரியின் அமைப்பு சரி, அந்தப் பெயரில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆருக்கு வேறு வேறு. இல்லையென்றால் அந்தப் பெயரை உருவாக்கும் வரியை நீங்கள் இன்னும் ஓட்டவில்லை.

படி 5: பிழையே வராத பிழை

என்னைக் கேட்டால் இதுதான் மோசம். 2025இல் மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அதை அப்படியே சி(1,700) என்று எழுதினால் ஆர் முணுமுணுக்காது. 1, 700 என்று இரண்டு எண்களாக எடுத்துக்கொண்டு, சராசரி கேட்டால் 350.5 என்று சொல்லும். கையால் தட்டும்போது ஆயிரத்துக்கு கமா போடாதீர்கள். சிஎஸ்வி தரவுக் கோப்பில் ஏற்கெனவே கமாவும் ரிங்கிட்டைக் குறிக்கும் 'ஆர்எம்' முன்னொட்டும் இருந்தால், ஆருக்கான கூடுதல் தொகுப்பான ரீட்ஆரிலுள்ள பார்ஸ்_நம்பர் கட்டளை இரண்டையும் நீக்கி எண்ணை மட்டும் கொடுக்கும்.