இளம் பயணிகள் வெளிநாட்டில் வேலை செய்ய அனுமதி பெறும் முறை

சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். சம்பளம் வாங்காமல், தங்க இடமும் உணவும் மட்டும் பெற்றுக்கொண்டு செய்யும் பணியைக்கூடப் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. இளைஞர்களுக்கென்றே உள்ள வழி, நாடுகளுக்கு இடையிலான உடன்பாட்டின்படி வழங்கப்படும் ‘வொர்க்கிங் ஹாலிடே’ விசா, அதாவது ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் விசா. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அது கிடைக்குமா என்பதை அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்திலேயே பாருங்கள். வயது வரம்பு பெரும்பாலும் 18 முதல் 30 வரை, சில நாட்டவருக்கு 35 வரை.

இப்படிக் கனடாவுக்குச் செல்ல, முதலில் பெயரைப் பதிவுசெய்து காத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் 10 நாட்களுக்குள் அதை ஏற்று, அடுத்த 20 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும் என்பதால், காவல்துறைச் சான்றிதழ் போன்ற தாமதமாகும் ஆவணங்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது. மருத்துவக் காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். தங்கும் காலம் முழுவதற்கும் காப்பீடு இல்லையென்றால், எல்லையில் அதிகாரி வேலை அனுமதியையும் அந்த அளவுக்கே குறைத்துக் கொடுப்பார். பிறகு நீட்டிக்க இயலாது. அச்சிட்ட காப்பீட்டுத் தாளும், 2,500 கனடிய டாலர் இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் இந்த விசாவில் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் பணிபுரிய முடியாது. சென்றதும் வரி எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.