ஏஐ முகவர்களுக்கான நிகழ்விடப் புள்ளிவிவரக் கருவி: ஆவணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாவட்டத்தில் எங்கே எத்தனை சாலை விபத்துகள் நடந்தன, எந்த மாதத்தில் எத்தனை தெருக்களில் மழைநீர் தேங்கியது என்பனவற்றை எண்ணிச் சொல்லும் கருவியை ஏஐ முகவர் (பயனர் கேட்டதற்குத் தானாகவே கருவிகளை இயக்கி விடை தேடும் செயற்கை நுண்ணறிவு நிரல்) பயன்படுத்தப்போகிறது என்றால், அந்தக் கருவிக்கு நாம் எழுதிவைக்கும் விளக்கம்தான் அதற்குக் கிடைக்கும் வழிகாட்டி. புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு ஐயம் எழுந்தால் பக்கத்து மேசைக்கு வந்து கேட்பார். முகவரோ, கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், திரும்பி வரும் விடை ஆகியவற்றைப் படித்து, விட்டுப்போன இடங்களைப் பெரும்பாலும் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு, உறுதியான நடையில் பயனருக்குப் பதில் எழுதிவிடும். மதுரையில் இருந்துகொண்டு இத்தகைய ஆவணங்களை எழுதிவரும் எனக்கு, பிழையாக எழுதிய வரிகளைக் காட்டிலும் எழுதாமல் விட்ட வரிகளே பெருங்கேடு செய்திருக்கின்றன.

அவற்றுள் மிகக் கொடியது, பூச்சியத்துக்குப் பொருள் சொல்லாமல் விடுவது. பேரையூர் வட்டத்தில் ஜூலை மாதம் எத்தனை தீ விபத்துகள் என்ற கேள்விக்குக் கருவி 0 என்று விடை தருகிறது என வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே விபத்து நடக்காமல் இருந்திருக்கலாம். அந்த வட்டத்தின் பதிவுகள் அந்த மாதம் வந்துசேராமல் போயிருக்கலாம். ‘பேரையூர்’ என்பதை முகவர் எழுதிய எழுத்துக்கூட்டல் தரவில் உள்ளதோடு பொருந்தாமலும் இருந்திருக்கலாம். ஆவணம் மௌனமாக இருந்தால், இம்மூன்றுக்கும் சேர்த்து ‘பேரையூரில் தீ விபத்து எதுவும் நடக்கவில்லை’ என்றே முகவர் எழுதும். பதிவுகள் முழுமையாக இருக்கும்போது மட்டுமே 0 வரும், பதிவு இல்லாவிட்டால் ‘தரவு இல்லை’ என்று வரும், பெயர் பொருந்தாவிட்டால் நெருங்கிய பெயர்களோடு பிழைச்செய்தி வரும் என்று மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். கருவி அப்படிப் பிரித்துத் தராவிட்டால், அதை வார்த்தைகளால் ஒப்பேற்ற முயலாமல், கருவியைத் திருத்தும்படி பொறியாளரிடம் கேட்பதே ஆவணம் எழுதுபவரின் கடமை என்பது என் உறுதியான கருத்து. விடையில் அதிகபட்சம் 100 நிகழ்வுகளே வரும் என்ற வரம்பு இருந்து, அதைச் சொல்லாமல் விட்டாலும் இதே கதிதான். பட்டியலின் நீளத்தையே மொத்த எண்ணிக்கையாக முகவர் எடுத்துக்கொள்ளும்.

இடப்பெயரை விளக்காமல் விடுவது அடுத்த தவறு. ‘மதுரை’ என்றால் மாநகராட்சியா, மாவட்டமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 30.38 லட்சம் பேர். அன்றைய மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 10.18 லட்சம் பேர். மாவட்டம் முழுவதன் விபத்துகளை மாநகராட்சியின் மக்கள்தொகையால் வகுத்தால், லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதம் மூன்று மடங்காகிவிடும். மாநகராட்சியின் எல்லையும் அதன் பிறகு 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்திருக்கிறது. மாவட்டமோ சுருங்கியது: 1985-இல் திண்டுக்கல் பிரிந்தது, 1990-களின் பிற்பகுதியில் தேனி பிரிந்தது. ஆகவே பழைய ஆண்டுகளின் எண்கள் அன்றைய எல்லைக்கு உரியவையா, இன்றைய எல்லைக்கு மாற்றிக் கணக்கிடப்பட்டவையா என்று சொல்லப்படாவிட்டால், கொடைக்கானலும் போடிநாயக்கனூரும் வேறு மாவட்டங்களுக்குப் போனதை ‘மதுரையில் நிகழ்வுகள் குறைந்துவிட்டன’ என்று முகவர் விளக்கிவிடும். அண்ணா நகர், திருமங்கலம் ஆகிய பெயர்கள் இங்கும் உண்டு, சென்னையிலும் உண்டு என்பதால், மாவட்டப் பெயரையும் கட்டாய உள்ளீடாக்குவது நல்லது.

ஆயங்களின், அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின், வரிசையைச் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம்; இடத் தரவுகளை எழுதப் பயன்படும் ஜியோஜேசான் (GeoJSON) வடிவமோ தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது. மதுரையின் 9.93, 78.12 இடம் மாறினால், புள்ளி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் விழும். அங்கே நிகழ்வுகள் ஏதும் இல்லாததால் விடை மறுபடியும் 0. ஆகவே வரிசையைச் சொல்வதோடு, மதுரையின் ஆயங்களையே எடுத்துக்காட்டாக எழுதிக் காட்டிவிட வேண்டும்.

நாளின் எல்லையும் அப்படியே. தரவு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் (UTC) சேமிக்கப்பட்டிருந்தால், நம் நேரப்படி காலை 5.30 மணிக்கு முன் நடந்தவை அனைத்தும் முந்தைய தேதியில் சேரும். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் நள்ளிரவு முதலே மக்கள் ஆற்றங்கரையில் திரண்டிருப்பார்கள். அந்த நேரத்து நெரிசலும் மயக்கமும் காணாமற்போன குழந்தைகளைப் பற்றிய புகார்களும் முதல் நாள் கணக்கில் போய் நின்றால், அடுத்த ஆண்டு ஏற்பாடுகளுக்காக அதைப் பார்ப்பவர்கள் தவறான இரவுக்கு ஆட்களை நிறுத்துவார்கள். தேதிகள் எந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தவை என்பதைத் தேதி உள்ளீட்டின் விளக்கத்திலேயே எழுத வேண்டும். அறிமுகப் பத்தியில் ஒருமுறை சொன்னது போதாது.

எழுதி முடித்த பிறகு சோதிக்காமல் விடக்கூடாது. சோதனைக் கேள்விகளை நாமே ஆவண மொழியில் எழுதினால் முகவர் எளிதாகத் தேறிவிடும். ஆகவே ஊரில் கேட்பது போலவே கேட்க வேண்டும். ‘அழகர் இறங்குன அன்னிக்கு கோரிப்பாளையம் பக்கம் எத்தன பேருக்கு அடிபட்டுச்சு?’ என்று நான் ஒருமுறை கேட்டபோது, ‘பக்கம்’ என்பதற்கு முகவர் தானாகவே 50 என்று ஆரத்தைக் கொடுத்தது. கருவி அதை மீட்டராக அல்ல, கிலோமீட்டராக எடுத்துக்கொண்டதால், மேலூரும் உசிலம்பட்டியும் கோரிப்பாளையத்தின் கணக்கில் சேர்ந்து வந்தன. ஆர உள்ளீட்டின் விளக்கத்தில் அலகே எழுதப்பட்டிருக்கவில்லை.