பென்ஸ் ஆசைக்கு மாற்று: ராம்நாடு கடலோரக்காரர்கள் கார் தேர்ந்தெடுப்பது எப்படி?

கீழக்கரையில் தொடங்கி ராமேஸ்வரம் வரைக்கும், பென்ஸ் வாங்கக் கையில் காசு இருந்தும் வாங்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன். வண்டி பிடிக்காமல் இல்லை. நாளைக்கு அதில் ஒரு சென்சார் போனால் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்ற பயம்தான். எங்கள் வீட்டில் காக்கா (அண்ணன்) துபாயில் லெக்சஸ் ஓட்டிப் பழகியவர், எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பென்ஸ் கிறுக்கு. காக்கா ஊரோடு வந்துவிட்ட பிறகு வாப்பா இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், "அந்தச் சுகத்துக்குக் கிட்டத்தட்ட வர்ற மாதிரி, ஆனா இங்க வச்சு ஓட்டுற மாதிரி ஒண்ணு பாரு" என்று வேலை என் தலையில் விழுந்தது. அலைந்து திரிந்து கடைசியில் ஒரு டொயோட்டா கேம்ரி வாங்கினோம். உங்களுக்கும் அதுவேதான் சரிவரும் என்று சொல்ல வரவில்லை, தேடுகிற முறையைத்தான் சொல்கிறேன். லோன், இ.எம்.ஐ, எக்ஸ்சேஞ்ச் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: பிடித்தது எது என்று எழுதுங்கள், பிராண்ட் பெயர் இல்லாமல்

ஒரு தாளை எடுத்து, உங்களுக்குப் பிடித்த வண்டியில் என்ன பிடிக்கும் என்று எழுதுங்கள். பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி என்ற சொல் எங்கும் வரக்கூடாது. "பின் சீட்டில் உட்கார்ந்தால் மதுரை போய் இறங்கும்வரை உம்மாவுக்கு இடுப்பு வலிக்காது", "கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அப்படியே நின்றுவிடும்", "நூறில் போகும்போது மிதித்தாலும் இன்னும் பாய்ச்சல் மிச்சமிருக்கும்", இப்படி. "கல்யாண மண்டப வாசலில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும்" என்பதும் நியாயமான ஆசைதான், வெட்கப்படாமல் எழுதுங்கள். ஆனால் அது பட்டியலில் முதலாவதாக வந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், அதற்கு மாற்று கிடையாது, அந்த நட்சத்திரச் சின்னத்தையே வாங்கிவிடுங்கள்.

படி 2: சொந்தபந்தம் பாருங்கள்

பெரிய பிராண்டுகள் பலவற்றுக்கு விலை குறைந்த உடன்பிறப்பு ஒன்று இருக்கும். லெக்சஸ் டொயோட்டாவின் வீட்டுப்பிள்ளை. 1989ல் அமெரிக்காவில் தொடங்கிய பிராண்ட், இந்தியாவுக்கு 2017ல்தான் வந்தது. நம் நாட்டில் ஓடும் லெக்சஸ் ஈஎஸ் 300எச் வண்டிக்கும் கேம்ரிக்கும் அடித்தளம் (வண்டியின் அடிக்கட்டமைப்பு) ஒன்றே, இரண்டிலும் 2.5 லிட்டர் பெட்ரோல் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும்) இன்ஜின் குடும்பம்தான். காக்காவை கேம்ரியின் பின் சீட்டில் ஏற்றிவிட்டு இதைச் சொன்னபோது பாதி வேலை முடிந்துவிட்டது.

ஆடி பிடித்தவர்களுக்கு ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வாகனும் அப்படித்தான். மூன்றும் ஒரே குழுமம். ஸ்கோடா கோடியாக்கையும் ஆடி க்யூ3யையும் மகாராஷ்டிராவில் சம்பாஜிநகரில் உள்ள ஒரே தொழிற்சாலையில்தான் பூட்டுகிறார்கள். லேண்ட் ரோவர் ஆசை உள்ளவர்களுக்கு டாடா ஹாரியர், சஃபாரி: லேண்ட் ரோவரின் பழைய டி8 அடித்தளத்திலிருந்து வந்தவை. பென்ஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் இந்த வசதி இல்லை, சொந்தத்தில் ஏழைத் தம்பி கிடையாது. அந்த ஆசை உள்ளவர்கள் படி 1 தாளைத்தான் நம்ப வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். அடித்தளம் ஒன்று என்பதற்காக வண்டி ஒன்றாகிவிடாது. சத்தத்தை அடக்கும் கண்ணாடி, சீட்டுத் தோல், சஸ்பென்ஷன் இதிலெல்லாம்தான் அந்த அதிகப்படி லட்சங்கள் போகின்றன. பரமக்குடி தாண்டி நாலுவழிச் சாலையில் வேகம் எடுத்தால் கேம்ரியில் டயர் சத்தம் லெக்சஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கிறது.

படி 3: ஒர்க்‌ஷாப்பை முதலில் தேர்ந்தெடுங்கள், காரை அப்புறம்

எனக்கு மாதக்கணக்கில் இழுத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170க்குப் பக்கம். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழி, அதற்கு மேல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நாலுவழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதாவது ஆயில் மாற்ற மதுரை போய் வந்தாலே ஒரு பகல் பொழுது காலி.

ஷோரூமில் கேட்டால் "சர்வீஸ் மதுரையிலயே இருக்கு சார்" என்பார்கள். ஒரு கம்பெனியில் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்தால் இருந்தது வண்டி விற்கும் இடமும் ஆயில், ஃபில்டர் மாற்றும் இரண்டு லிஃப்டும்தான். டிங்கரிங், பெயிண்டிங் என்றால் வண்டியை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்புவார்களாம். வண்டி விற்கும் இடம் வேறு, ரிப்பேர் செய்யும் இடம் வேறு, அடிபட்ட பாடியைச் சரிசெய்யும் இடம் வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், கேட்பதோடு நில்லாமல் போய்ப் பாருங்கள். சேல்ஸ் ஆளிடம் கேட்காதீர்கள். சர்வீஸ் கவுன்டரில் வண்டிக்காகக் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், கூகுள் ரிவ்யூவைவிட அது எவ்வளவோ மேல்.

போனில் கேட்க வேண்டியவை: முன் பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தால் வர எத்தனை நாள், விலை என்ன? (எல்இடி ஹெட்லைட் ஒன்றின் விலையைக் கேட்டாலே சில பிராண்டுகள் தானாகப் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.) ரோட்டில் நின்றுபோனால் இலவசமாக இழுத்துப்போவது எத்தனை கிலோமீட்டர் வரை? "இருக்கு சார்" என்றால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். 50 கிலோமீட்டர் வரைதான் என்றால் ரெக்கவரி வண்டி உங்களை மதுரை போகும் வழியில் பார்த்திபனூர் தாண்டிக் கூடக் கொண்டுபோகாது.

அப்புறம் ஸ்டெப்னி. பல சொகுசு வண்டிகளில் ஸ்டெப்னியே இருக்காது. அதற்குப் பதில் ரன்-ஃபிளாட் டயர். காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும் என்பது கணக்கு. பெரிய ஊரில் அது வசதி. தனுஷ்கோடியில் பஞ்சர் ஆனால் அந்த 80ல் ராமநாதபுரம் வந்து சேரலாம், ஆனால் வந்து என்ன செய்வது? அந்த அளவில் ரன்-ஃபிளாட் டயரை இங்கே எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். அதனால் எந்த வண்டியானாலும் டிக்கியைத் திறந்து அடித்தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

இதையெல்லாம் கேட்டு முடிக்கும்போது பட்டியலில் மூன்று வண்டிதான் மிஞ்சும். மிஞ்சியதில் பிடித்ததை எடுங்கள். கார் மனசுக்குப் பிடித்துப்போன பிறகு அதற்கு ஒர்க்‌ஷாப் தேடினால் மனசு எல்லாக் குறைக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டே போகும்.

படி 4: உப்புக்காற்று

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. நம் காற்று எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மேல் பெயிண்ட் எல்லா வண்டியிலும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. அடிபடுவது கீழே இருப்பவை: சப்ஃபிரேம், சைலன்சர் இணைப்பு, பிரேக் பைப் முனைகள், ஏசி கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள், வயர் கனெக்டர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குவார்கள், விடாதீர்கள். அடிப்பாகம் பிளாஸ்டிக் தட்டால் மூடியிருந்தால் நல்லதுதான், ஆனால் அதற்குள் தங்கும் மணலையும் உப்பையும் கழட்டிக் கழுவ வேண்டும்.

துரு வாரன்ட்டி என்று நீளமாக வருடம் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பாலும் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் காசு. மேலே துருப் படிந்தால் கிடையாது. அந்தப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

அண்டர்பாடி கோட்டிங் (துருப் பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் அடிக்கும் பூச்சு) பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. டெலிவரியின்போது ஷோரூமில் தலையில் கட்டும் கறுப்பு ரப்பர் கோட்டிங் எனக்குப் பிடிக்காது. ஒரு கல் பட்டு வெடிப்பு விட்டால் ஈரம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, துரு உள்ளே வளர்வது வெளியே தெரியாது. மெழுகு வகைக் கோட்டிங் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும், ஆனால் கடலோரத்துக்கு அதுதான். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள். நல்ல தண்ணீர் என்பதைக் கவனியுங்கள், நம் பக்கம் பல போர் தண்ணீரும் உப்புதான். தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

படி 5: உங்கள் தெருவில் ஓட்டிப் பாருங்கள்

பைபாஸில் ஓட்டிக் காட்டுவது டெஸ்ட் டிரைவ் இல்லை. இப்போதைய பென்ஸ் ஈ-கிளாஸ் 5 மீட்டருக்கும் கூடுதல் நீளம், கேம்ரி 4.92, கோடியாக் 4.75 மீட்டர் அளவு. கீழக்கரையின் பழைய தெருக்களில் திருப்பிப் பார்த்தால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் புரியும். வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லி, ஐந்து பேரை ஏற்றி, வாசல் சரிவில் ஏற்றி இறக்குங்கள். வேகத்தடையில் அடி தட்டுகிறதா, உச்சி வெயிலில் நின்ற வண்டியில் பின் சீட்டுக்குக் குளிர் வர எவ்வளவு நேரமாகிறது, முட்டிவலிக்காரர்கள் கைப்பிடி தேடாமல் இறங்குகிறார்களா, அவ்வளவுதான்.

படி 6: ஆன்-ரோடு கணக்கு

பழைய விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரி எடுக்கப்பட்டு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது, முன்பு செஸ்ஸோடு சேர்த்து 50 வரை போனது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். 50 லட்சம் வண்டி என்றால் வரி மட்டும் 10 லட்சம், அதில் இன்னொரு சின்னக் கார் வந்துவிடும்! 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் முன்வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் பயப்பட வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப்ரிசியேஷனும் (பார்ட்ஸ் விலையில் தேய்மானம் கழிக்காமல் தருவது) இன்ஜின் பாதுகாப்பும் கட்டாயம் சேருங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள்.

கணக்குப் போட ஆப் எதுவும் வேண்டாம். வெறும் நோட்டில் ஐந்து வருடச் செலவை எழுதுங்கள்: ஆன்-ரோடு விலை, சர்வீஸ், இரண்டு செட் டயர், இன்சூரன்ஸ், மதுரை போய்வரும் செலவு, கடைசியில் விற்றால் வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் மதிப்புக் கணக்கிலேயே நாலு வருடம் தாண்டினால் வண்டி பாதி விலைக்கு வந்துவிடுகிறது.

படி 7: செகண்ட் ஹேண்ட் பென்ஸே எடுத்தால் என்ன?

புது கேம்ரி விலையில் மூன்று வருட ஈ-கிளாஸ் வரும், உண்மைதான். வாங்கும் விலைதான் பாதி, ஸ்பேர் பார்ட்ஸ் விலை பாதியாவதில்லை. அப்படியும் ஆசை விடாவிட்டால், சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விடுங்கள். அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்த இடம் தெரிய, கையில் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மலிவான சீன மீட்டரே போதும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மட்டும் மலிவானது வேண்டாம், இந்த வண்டிகளின் பாதிக் கோளாறை அது படிக்காது. அந்தப் பிராண்டை அறிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போவது அதைவிட லாபம்.

பிறகு சேர்த்தது

டீசல் ஏன் சொல்லவில்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள். இப்போதைய மாசுக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6 டீசலில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. வீடு, கடை, பள்ளிவாசல் என்று ஊருக்குள்ளேயே ஓடினால் அது சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்ய வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது மதுரையோ தூத்துக்குடியோ போகிறவர் என்றால் டீசல் எடுங்கள், இல்லாவிட்டால் ஹைபிரிட்.

ஹைபிரிட் பேட்டரி உப்புக்காற்றில் தாங்குமா என்று தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். டொயோட்டா கேம்ரி பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி இருக்கிறது. அதைக் குளிர்விக்க வண்டிக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் துளை பின் சீட்டுப் பக்கம் இருக்கும். அதன் மேல் பையோ துணியோ போட்டு அடைக்காதீர்கள், கடற்கரை போய்வந்தால் சீட்டிலிருந்து மணலைத் தட்டுங்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த ஃபில்டரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கழட்ட மாட்டார்கள்.