பறக்கத் தெரிந்தவர் ஏன் பெர்லினுக்குப் போகவில்லை? வரலாற்று சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையைச் சுற்றி நான்கு பேர், ஒரு கைப்பிடிப் பகடைகள், ஒரு தட்டு முறுக்கு. களம்: 1940 செப்டம்பர், லண்டன். ஆளுக்கொரு பாத்திரமாக நின்று கதையை நகர்த்தி, முடிவுகளைப் பகடையில் உருட்டிப் பார்க்கும் ஆட்டம் இது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். முதல் அமர்வு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பாத்திரத்தை எடுத்திருந்த நண்பர் கைபேசியில் தூரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லண்டனிலிருந்து பெர்லின் 930 கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்துக்குள் போய் ஹிட்லரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். சாப்பாட்டு நேரத்துக்குள் போர் முடிந்துவிடும்."

என்னிடம் பதில் இல்லை. வழியில் கடும்புயல் என்றேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டார், மூடுபனி என்றேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை. அதன்பின் எதையுமே கேட்கவில்லை, சொன்ன இடத்தில் பகடையை உருட்டிவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆறாவது வாரம் ஆட்டம் கலைந்தது.

பிறகு அதே நகரத்தை, அதே மாதங்களை வைத்து இன்னொரு முறை நடத்தினேன். அது நன்றாக ஓடியது. முதல் முறை செய்த தவறுகளையும், மற்றவர்கள் மேசையில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்த்த தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

வரலாறு வளையுமா, வளையாதா?

புயல் வரவழைத்தது என் முதல் தவறில்லை. அதற்கு முன்பே, பாத்திரங்களை உருவாக்கும் நாளிலேயே, பேசி முடித்திருக்க வேண்டிய ஒன்றைப் பேசாமல் விட்டதுதான் தவறு. இந்த ஆட்டத்தில் வரலாறு மாறுமா? மாறும் என்றால் எவ்வளவு?

மாறாது என்று முடிவெடுத்தால் சக்திகளைச் சிறிதாக வையுங்கள். சுவருக்கு அப்பால் நடக்கும் பேச்சு கேட்கும், தீ சுடாது, ஒரு தெருவைத் தாண்டிக் குதிக்க முடியும் என்ற அளவில் இருந்தால் பெர்லின் கேள்வியே எழாது. மாறும் என்றால் துணிந்து மாற்றுங்கள்: ஹிட்லர் பிடிபட்டால் அடுத்த நாள் ஜெர்மனியில் அதிகாரத்துக்கு அடித்துக்கொள்வது யார், போர் உண்மையிலேயே நின்றுவிடுமா என்பதே உங்கள் ஆட்டம். எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு சக்தி உள்ளவர்கள் இருப்பதால் ஒருவரை ஒருவர் தடுத்துக்கொள்கிறார்கள் என்பது மூன்றாவது வழி. பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் படும், ஆனால் வேலை செய்யும். எந்த வழியானாலும் ஆடுபவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். மாறலாம் என்று வாயால் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் மூடுபனியை இறக்கினால் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

இந்தச் சிக்கல் சூப்பர்ஹீரோக்கள் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1942-இல் செய்தித்தாள் சித்திரத் தொடரில் சூப்பர்மேனை எழுதியவர்களுக்கும் இதே தலைவலி. இவ்வளவு பலசாலி ஏன் போர்முனைக்குப் போகவில்லை? ராணுவத் தேர்வில் கண் பரிசோதனையின்போது, அவர் தன்னை அறியாமல் சுவரை ஊடுருவிப் பக்கத்து அறையில் இருந்த எழுத்துப் பலகையைப் படித்துவிட, பார்வைக் குறை என்று மருத்துவர் தள்ளிவிட்டதாகக் கதை கட்டினார்கள். அசட்டுத்தனம்தான். ஆனால் ஒரே முறை சொல்லி முடித்தார்கள். வாரம் ஒரு புயல் விடவில்லை.

போர் பெரியது, தெருவைப் பிடியுங்கள்

"இரண்டாம் உலகப் போர்தான் களம்" என்று தொடங்குபவர்களைப் பார்க்கிறேன். அது ஆறு வருடம், பல கண்டங்கள். ஒரு நகரம், சில மாதங்கள் போதும். லண்டன் மீதான தொடர் வான்தாக்குதல் 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கி 1941 மே மாதம் வரை நீண்டது. அதிலும் நான் பிடித்துக்கொண்டது நகரின் கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரே ஒரு தெரு. தெருவும் பெயரும் என் கற்பனை. குண்டு விழுந்த இரவுகள் மட்டும் உண்மையானவை.

இப்படிச் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் முறை, 1940 அக்டோபர் 14 அன்று குண்டு விழுந்த 'பாலம்' (Balham) என்ற ஊர்ப்பகுதியின் சுரங்க ரயில் நிலையத்தை ஒரு சாகசக் காட்சியாக வைத்தேன். அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உண்மையில் இறந்தார்கள். என் மேசையில் அது ஒரு பகடை எண்ணாகச் சுருங்கியது. ஒருவர் சிரிப்பாக ஏதோ சொல்ல, இன்னொருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பெயரும் நாளும் உள்ள மரணங்களை ஆட்டக் களமாக்குவதைப் பற்றி எனக்கு இப்போதும் தீர்மானமான விதி எதுவும் இல்லை. ஆனால் அந்த நிலையத்துக்கு மறுபடி போக மாட்டேன்.

செய்தவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்

1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனின் பழைய நகர்ப்பகுதி மீது எரிகுண்டுகள் மழையாய் விழுந்தன. ஒன்று செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாட ஈயத்தில் சிக்கிக்கொண்டு எரிந்தது; பிறகு தானாக வெளிப்புறம் சரிந்து கீழ்மாடத்தில் விழ, அதை அணைத்தார்கள். அன்று இரவு முழுவதும் வாளியும் கைப்பம்புமாகக் கூரைகளில் காவல் இருந்தவர்கள் தொண்டர்கள். இதைப் படிக்கும் எந்தக் கேம் மாஸ்டருக்கும் கை அரிக்கும்: நம் நாயகி பறந்து வந்து அந்தக் குண்டைக் கையால் பிடுங்கி எறிந்தால் எப்படி இருக்கும்!

மோசமாக இருக்கும். முகமூடி போட்ட ஒருத்தி வந்தவுடன், வாளியோடு படியேறியவர்கள் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிடுகிறார்கள்.

அதே இரவில் நாயகர்களுக்கு என்று காலியாக எவ்வளவு இடம் கிடக்கிறது, பாருங்கள். தேம்ஸ் நதியில் அன்று நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தது. தண்ணீர்க் குழாய்கள் குண்டில் உடைந்திருந்தன. தீயணைப்பு வீரர்களின் குழாய்கள் வறண்டன. ஞாயிறு என்பதால் பல அலுவலகங்களும் கிடங்குகளும் பூட்டிக் கிடந்தன, கூரையில் விழுந்த சிறு குண்டைத் தட்டிவிட உள்ளே ஆள் இல்லை. அடுத்த மாதமே தீக்காவல் கட்டாயமாக்கப்பட்டதற்கு அந்தப் பூட்டிய கதவுகள்தான் காரணம். என் மேசையில் மூன்று பேர் சேற்றில் இறங்கி நதியிலிருந்து குழாய் இழுத்தார்கள். பூட்டை உடைக்கும் சக்தி உள்ளவர் தெருத்தெருவாகக் கதவுகளைத் திறந்துகொண்டே போனார். புத்தக வெளியீட்டாளர்கள் நிறைந்திருந்த பேட்டர்நாஸ்டர் தெரு எப்படியும் எரிந்தது, லட்சக்கணக்கான புத்தகங்களோடு. எங்கள் கையில் இருந்தது நாற்பது நிமிடமும் பதினொரு கதவுகளும். அமர்வு முடிந்து யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

கொடுமைக்கு மந்திரவாதியைக் காரணமாக்குவது இதைவிடப் பெரிய தவறு. நாஜிகளுக்குப் பின்னால் ஒரு பூதம் இருந்தது, யாரோ மூளையை வசியம் செய்துவிட்டார் என்ற வகை வில்லன்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். யூத மக்களைப் பட்டியல் போட்டவர்கள் எழுத்தர்கள், ரயிலுக்கு நேரம் குறித்தவர்கள் ரயில்வே ஊழியர்கள். அந்தப் பழியைப் பூதத்தின் தலையில் கட்டினால் அவர்களை விடுவித்தவர் நீங்கள்தான். பூதம் வேண்டுமென்றால் நகைக்கடைக் கொள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் கொள்ளையும் நடந்தது, குண்டு விழுந்த வீடுகளில் திருட்டும் நடந்தது.

ரகசிய வாழ்க்கை என்ற பொன்சுரங்கம்

முகமூடி, மேலாடை எல்லாம் வைத்துவிட்டு, பகல் வாழ்க்கையை ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் பலர். "நான் பத்திரிகையாளன்." அவ்வளவுதான். 1940 லண்டனில் ரகசியமாக வாழ்வது எவ்வளவு கடினம் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

1939 செப்டம்பர் 29 அன்று நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகி, அடையாள அட்டை வந்துவிட்டது. ரேஷன் புத்தகத்தை ஒரு குறிப்பிட்ட கடையில் பதிந்துகொண்டு அங்கேதான் பொருள் வாங்க வேண்டும். ஒரு வாரம் போகாவிட்டால் கடைக்காரர் கவனிப்பார். 18 முதல் 41 வயது வரையிலான ஆண்கள் ராணுவத்துக்கு அழைக்கப்படும் காலம், திடகாத்திரமான இளைஞன் சீருடை இல்லாமல் தெருவில் நடந்தால், "தம்பி, நீ ஏன் இங்கே இருக்கிறாய்?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டியே கேட்டுவிடுவார். வில்லனே தேவையில்லை, அந்தப் பாட்டி போதும்.

பறப்பவருக்கும் சுகமில்லை. நகரின் மேலே எஃகு வடங்களோடு தடுப்பு பலூன்கள். கீழே விமான எதிர்ப்புப் பீரங்கிகள். அவற்றுக்கு இருட்டில் நண்பன் யார், எதிரி யார் என்று தெரியாது. 1939 செப்டம்பர் 1 முதலே இருட்டடிப்பு. (இன்று செய்தியை அமுக்குவதற்கு நாம் பயன்படுத்தும் அதே சொல். அந்தக் காலத்தில் அது சன்னலுக்குக் கறுப்புத் திரை.) ஒளிவீசும் சக்தி கொண்ட பாத்திரம் ஒன்று எங்கள் ஆட்டத்தில் இருந்தது. முதல் முறை அவர் மின்னியபோது காவல் தொண்டர் ஒருவர் கீழிருந்து கத்தினார்: "அந்த விளக்கை அணை!" முகமூடிப் பிரச்சினையோ தானாகத் தீர்ந்தது. நச்சுவாயுத் தாக்குதல் வரும் என்ற பயத்தில் மக்களுக்கெல்லாம் முகமூடி வழங்கியிருந்தார்கள். அதை வைக்கும் அட்டைப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் நடந்தாலும் சந்தேகம் வராது.

தகவல் வராது என்பதையும் ஆடுபவர்கள் மறந்துகொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வீடு தொலைபேசி கிடையாது. கண்காணிப்புக் கேமரா கிடையாது. செய்தித்தாளில் தணிக்கை உண்டு. ஒரு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மதுக்கடையில் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும், அல்லது சுரங்க ரயில் நடைமேடையில் படுத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். அந்த நடைமேடைகளைத் தஞ்சமாகத் திறந்துவிட அரசு முதலில் மறுத்தது. மக்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போய், வெளியே வர மறுத்தார்கள். அரசுதான் இறங்கி வந்தது. எந்தச் சூப்பர்ஹீரோவும் இதற்குத் தேவைப்படவில்லை.

இவ்வளவையும் படித்தவருக்கு வரும் நோய் ஒன்று உண்டு: சொற்பொழிவு. எனக்கும் வந்தது; தடுப்பு பலூனின் வாயுவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். இப்போது ஒரு காட்சிக்கு ஒரே ஒரு பொருள் என்று வைத்துக்கொள்கிறேன். 1940 ஜூலையில் தேயிலைக்கு ரேஷன் வந்தது, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். அந்த அளவை ஒரு கிண்ணத்தில் நிறுத்து மேசையில் வைத்தேன். தன் பங்கைக் காயம்பட்ட எதிரி விமானிக்குக் கொடுப்பதா என்று இரண்டு பாத்திரங்கள் சண்டை போட்டன. பகடையை யாரும் தொடவில்லை.

நாம் ஆடும்போது நாம் எங்கே?

எங்கள் முதல் ஆட்டத்தில் நான்கு தமிழர்கள் உட்கார்ந்து ஜான், வில்லியம், ஜேம்ஸ், இன்னொரு ஜான் என்று பெயர் வைத்துக்கொண்டோம். இரண்டாம் முறை ஒருவர் சென்னையிலிருந்து மருத்துவம் படிக்கப் போனவராகப் பாத்திரம் எடுத்தார். ஆட்டத்தின் நிறமே மாறியது.

அன்றைய லண்டனில் இந்தியர்கள் இருந்தார்கள். கிழக்குத் துறைமுகத்தில் கப்பல் தொழிலாளர்கள் இருந்தார்கள். வி. கே. கிருஷ்ண மேனன் செயின்ட் பாங்கிராஸ் பகுதியின் நகராட்சி உறுப்பினர். இந்திய விடுதலைக்காக மேடையில் முழங்கிய அவரே வான்தாக்குதல் காவல் தொண்டராகவும் இருந்தார். 1940 மார்ச் 13 அன்று காக்ஸ்டன் மண்டபத்தில், ஜாலியன்வாலாபாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ'டயரைச் சுட்ட உதம் சிங், ஜூலை 31 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். குண்டுவீச்சு தொடங்க ஆறு வாரம்கூட இல்லை.

கடலுக்கு இந்தப் பக்கமோ, யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ 1939 செப்டம்பர் 3 அன்று அறிவித்திருந்தார். அதைக் கண்டித்துச் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. லண்டன் எரிந்துகொண்டிருந்த 1940 அக்டோபர் 17 அன்றுதான் காந்தியின் சீடர் வினோபா பாவே போருக்கு எதிராகப் பேசித் தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். டிசம்பரில் ராஜாஜியும் சிறைக்குப் போனார்.

இப்போது அந்த மருத்துவ மாணவரைப் பாருங்கள். இரவு இடிபாட்டில் கிழவியைத் தூக்குகிறார். காலையில் அண்ணனிடமிருந்து கடிதம்: அப்பாவைக் கைது செய்துவிட்டார்கள், போருக்கு உதவாதே என்று பேசியதற்காக. மாலையில் அரசாங்க ஆள் வந்து, உங்கள் சக்தியைப் பற்றிக் கேள்விப்பட்டோம், சீருடை தருகிறோம் என்கிறார். இதற்கு என்னிடம் சரியான விடை எதுவும் தயாராக இல்லை. அப்படித் தயாராக வைத்திருப்பதும் ஒரு தவறு என்றே நினைக்கிறேன். அந்த நண்பர் மூன்று வாரம் யோசித்துவிட்டு, சீருடை வேண்டாம், இடிபாட்டு வேலை தொடரும் என்றார். அரசாங்க ஆள் அதை நம்பவில்லை. அவரைப் பின்தொடர ஆள் வைத்தேன்.

விதிமுறைப் புத்தகம் எது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கட்டடம் இடிவதைக் கணக்கிட நாற்பது நிமிடம் ஆகும் முறையைத் தவிருங்கள். இந்த நகரத்தில் தினமும் கட்டடம் இடியும்.

முடிவு தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான்

1941 மே 10 இரவு மிகக் கொடூரமான தாக்குதல். 1,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நாடாளுமன்றத்தின் மக்களவைக் கூடம் அழிந்தது. தொடர் தாக்குதலின் கடைசிப் பெரிய இரவு அதுதான் என்று நமக்குத் தெரியும். ஹிட்லரின் படை அடுத்த மாதம் சோவியத் ஒன்றியத்தின் மேல் பாயப் போகிறது என்றும் தெரியும். லண்டன்காரர்களுக்குத் தெரியாது. அந்த இரவை வெற்றிவிழாவாக முடித்த ஒரு ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வாணவேடிக்கைகூட இருந்தது, இருட்டடிப்பு நகரத்தில்.

எங்கள் கடைசி அமர்வின் கதை மறுநாள், மே 11 இரவில் நடந்தது. நால்வரும் கூரையில் காவல் இருந்தார்கள். நான் மணியை மட்டும் சொன்னேன்: பத்து, பதினொன்று, ஒன்று. எதுவும் வரவில்லை. மூன்று மணிக்கு, பறப்பவர் இறங்கி வந்து தேநீர் போட்டார். மருத்துவ மாணவர் பாத்திரத் தாளின் ஓரத்தில் மறுநாள் காவல் முறையை எழுதிக்கொண்டிருந்தார்.