மாரி தொடங்கும் முன் டயரைத் தெரிவு செய்வதும் மாற்றுவதும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் பிற்பகுதிக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. ஆகவே டயரைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய மாதம் செப்டெம்பர். வீதியில் வெள்ளம் நிற்கத் தொடங்கிய பின் கடைக்கு ஓடுபவர், பொருத்தமானதை விட்டுவிட்டுக் கையிருப்பில் உள்ளதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார், வேன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை வைத்திருந்தும் டயரை இதுவரை உற்றுப் பார்த்திராதவர்களுக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது.

படி 1: பனிக்கால டயரை ஒதுக்கிவிடுங்கள்

கனடாவில் இருக்கும் உறவினர் “குளிர்காலம் வருகிறது, டயர் மாற்ற வேண்டும்” என்று சொல்வது வேறு சங்கதி. அங்கு கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயமாகும். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் இறப்பர் விறைத்துப் பிடிமானத்தை இழக்கிறது. பனிக்கால டயரின் இறப்பரோ அந்தக் குளிரிலும் மென்மை கெடாதபடி தயாரிக்கப்படுகிறது. நமது மாரி எவ்வளவு அடித்துப் பெய்தாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லை. இங்குள்ள வெப்பத்தில் அந்த மென்மையான இறப்பர் விரைவில் தேய்வதுடன், பிரேக் பிடித்த பின் வாகனம் ஓடும் தூரத்தையும் கூட்டிவிடும்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த காரை வாங்கியவர்கள் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. டயரின் பக்கச்சுவரில் மூன்று மலைமுகடுகளுக்குள் ஒரு பனிப்பூ வரையப்பட்டிருந்தாலோ, ‘ஸ்டட்லெஸ்’ என்ற ஆங்கிலச் சொல் பொறிக்கப்பட்டிருந்தாலோ அது பனிக்கான டயர். தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் நமது வீதிக்கு உகந்ததன்று.

படி 2: தவாளிப்பின் ஆழத்தை அளந்து பாருங்கள்

மழைக்காலத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும். வீதியில் நிற்கும் நீரை டயருக்கும் தாருக்கும் இடையிலிருந்து வெளியேற்றுவது, டயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளங்களான இந்தத் தவாளிப்புகள்தாம். அவை ஆழம் குறைந்து போனால், வேகமாகச் செல்லும் வாகனத்தின் முன் நீர் ஆப்பாகத் திரண்டு டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அந்தக் கணத்தில் ஹான்டிலைத் திருப்பினாலும் வாகனம் திரும்பாது. பிரேக்கும் பயன் தராது.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. ஒரு தீக்குச்சியைத் தவாளிப்புக்குள் நேராக நிறுத்தி, டயரின் மேற்பரப்பு வரும் இடத்தில் நகத்தால் அடையாளமிட்டு, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் அளவெடுக்க வேண்டும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. இரு விளிம்புகளும் தேய்ந்திருந்தால் காற்றுப் போதவில்லை. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேரொழுங்கு பிசகியிருக்கக்கூடும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய டயர் போடுவது பணத்தை வாவியில் எறிவதற்குச் சமம்.

கார் டயரின் தவாளிப்புக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு இறப்பர்த் திட்டுகள் இருக்கும். மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆனால் அது கடைசி எல்லை. மழை வீதியில் பிடிமானம் அதற்கு வெகு முன்னதாகவே குறையத் தொடங்கிவிடுவதால், 3 மில்லிமீற்றரை எட்டிய கார் டயரை மாரிக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது என்பதே எனது கருத்து. மோட்டார் சைக்கிள் டயரில் அந்தத் திட்டுகள் இன்னும் தாழ்வாக, பெரும்பாலும் 0.8 முதல் 1 மில்லிமீற்றர் உயரத்திலேயே இருக்கும். இரண்டே சக்கரங்களை நம்பி ஓடும் வண்டிக்கு அந்த எல்லை வரை காத்திருப்பது துணிச்சலன்று. தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகத் தவாளிப்பு வெட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்தக் கடைப்பக்கம் மறுபடி போகாதீர்கள்.

படி 3: வயதைக் கண்டுபிடியுங்கள்

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3523 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது. சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இது பொறிக்கப்பட்டிருப்பதால், தென்படாவிட்டால் மறுபக்கத்தையும் பாருங்கள். அதிகம் ஓடாத வண்டியின் டயரும் வெயில் பட்டு இறுகி வெடிக்கிறது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடினால் தவாளிப்பு ஆழமாக இருந்தாலும் அதை நம்பக்கூடாது. ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகளைத் தாண்டியதைக் கழற்றிவிட வேண்டும். வீக்கமோ நூல் தெரியும் வெட்டோ இருந்தால் வயதைப் பார்க்கவே தேவையில்லை, உடனே மாற்றுங்கள்.

படி 4: கடையில் எதைக் கேட்க வேண்டும்

முதலில் அளவு. 195/65 ஆர்15 91எச் என்பதில் 195 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 91 என்ற சுமைக்குறியீடு ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பதையும், எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீற்றர் வரையான வேகத்தையும் குறிக்கின்றன. சுமைக்குறியீட்டைக் குறைத்து வாங்காதீர்கள். குடும்பத்தோடு கதிர்காமம் போகும் வேனுக்கு வேகத்தைவிட அதுவே முக்கியம். ஓட்டோவுக்குப் பொதுவாக 4.00-8 அளவு போடப்படுகிறது.

அடுத்தது ஈரப் பிடிமானம். பல கார் டயர்களின் பக்கச்சுவரில் ‘டிரெக்ஷன்’ என்ற சொல்லை அடுத்து ஏஏ, ஏ, பி, சி ஆகியவற்றுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும்; அது ஈரத்தரையில் பிடிக்கும் திறனின் தரம், ஏஏ மிகச் சிறந்தது. அருகிலுள்ள தேய்மான எண்ணை மட்டும் காட்டி “நீண்ட காலம் உழைக்கும்” என்று விற்பனையாளர் சொன்னால், இந்த எழுத்தையும் கேளுங்கள்.

படுவான்கரைக் கிரவல் வீதிகளில் நாள்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டைகட்டையான வடிவம் சேற்றில் உதவும். ஆனால் அந்தக் கட்டைகளுக்கிடையே வெற்றிடம் அதிகம் என்பதால், ஈரமான தார் வீதியைத் தொடும் இறப்பர் குறைவு. பெரும்பகுதி ஓட்டம் நகரத்திலும் பிரதான வீதியிலும் என்றால் சாதாரண வீதி டயரே மேல். காரில் இரண்டு டயர்கள்தான் வாங்க முடியும் என்றால், முன்சக்கரத்தால் இழுபடும் காராக இருந்தாலும், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழல்வதைச் சமாளிப்பது, முன்பக்கம் வழுக்குவதைச் சமாளிப்பதைவிடக் கடினம்.

படி 5: காற்றும் முதல் ஓட்டமும்

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன் பாருங்கள். சரியான அளவு சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டியிலோ, வாகனக் கைநூலிலோ இருக்கும். மழைக்காலத்தில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று நம்மூரில் பலர் நம்புகிறார்கள். தேங்கிய நீரில் நடப்பது அதற்கு நேர்மாறு. 1960களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட கணக்கின்படி, நீரை வெளியேற்ற முடியாத டயர் 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். அழுத்தம் 25 ஆகக் குறைந்தால் சுமார் 83இலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

புதிய டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழுவழுப்பாக இருக்கும். ஆகவே முதல் சில நாட்களுக்கு, முக்கியமாக மோட்டார் சைக்கிளில், வளைவுகளில் சாய்ப்பதையும் திடீர் பிரேக்கையும் தவிருங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கிரான் போன்ற இடங்களில் வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் வெள்ளத்தை எந்த டயரும் வெல்லாது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மாணவர்களுடன் அடித்துச் செல்லப்பட்டது பெரிய சக்கரங்கள் கொண்ட உழவு இயந்திரம்.

கழற்றிய பழைய டயரை வளவுக்குள் போடாமல் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டுமென்றால் மழை படாத இடத்தில் வையுங்கள். டயருக்குள் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.