டிராக்டர் இன்ஜெக்டரைக் கழற்றி, புதிய காப்பர் வாஷர் போட்டுப் பொருத்தும் முறை

டீசல் இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) பக்கத்திலிருந்து 'சுக் சுக்' என்று காற்று பீறிடும் ஓசை கேட்டால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் அடியில் தார் போன்ற கறுப்புப் பிசின் படிந்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆவதற்கும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் குற்றவாளி இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் காப்பர் வாஷர்தான். சில ரூபாய் விலையுள்ள அந்த வாஷரை மாற்றுவதற்கு ஒரு பகல் பொழுதும் பொறுமையும் போதும். முன் அனுபவம் இல்லாதவரும் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

இங்கே எடுத்துக்கொள்வது மூன்று சிலிண்டர் டிராக்டர் இன்ஜினை. பெர்கின்ஸ் வடிவமைப்பை ஒட்டிச் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் தயாரித்து, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் பரவலாக ஓடும் வகை அது. பம்ப் அனுப்பும் டீசலின் அழுத்தம் ஒன்றினால் மட்டுமே திறந்து மூடும் எளிய இன்ஜெக்டர் இதில் இருக்கிறது. இன்றைய கார்களில் உள்ள, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினுக்கு இந்தக் குறிப்புகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அங்கே குழாய்களில் 1,000 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் ஏறுகிறது. இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணைக் கணினியில் பதிய வேண்டியதும் பல வண்டிகளில் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஓடும் இன்ஜினில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் அங்கே உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பழைய இன்ஜினிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. நாசில் எனப்படும் இன்ஜெக்டரின் தூவும் முனையிலிருந்து ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் வெளிவரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். மேலே ஊசி குத்திய அளவுக்கே காயம் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கி விரலையே இழக்க நேரலாம். எனவே கசிவைக் கைவிரலால் தடவிப் பார்க்காதீர்கள். அப்படி ஏதும் நேர்ந்தால் மருந்து தடவிக் காத்திராமல், டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேலையின்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அருகில் பீடியோ சிகரெட்டோ வேண்டாம்.

முதலில் கோளாறை உறுதிசெய்யுங்கள்

மூன்று இன்ஜெக்டர்களில் எது கசிகிறது என்று தெரிந்துகொள்ள, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் சோப்பு நீர் ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். வாஷர் கசியும் இடத்தில் இன்ஜினின் தாளத்துக்கேற்ப நுரை பொங்கும். நுரையே வராமல், மேலே ரிட்டர்ன் பைப் (மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்) அருகே மட்டும் டீசல் ஊறினால், இன்ஜெக்டரைக் கழற்றவே தேவையில்லை. ரிட்டர்ன் பைப் போல்ட்டின் மெல்லிய வாஷர்களை மாற்றினாலே போதும்.

ஒன்றுதான் கசிகிறது என்றாலும் மூன்றுக்கும் வாஷர் மாற்றுவதே நல்லது. மூன்றும் ஒரே வயதுடையவை, குழாய்களையும் எப்படியும் அவிழ்க்கத்தான் போகிறோம். வாஷர் வாங்கும்போது இன்ஜின் மாடலைச் சொல்லி, பழைய வாஷரின் அதே கனமுள்ளதையே கேளுங்கள். இந்த வாஷர் புகையை அடைப்பதோடு நிற்பதில்லை. நாசில் நுனி சிலிண்டருக்குள் எவ்வளவு நீண்டிருக்க வேண்டும் என்பதை அதன் கனம்தான் தீர்மானிக்கிறது. நுனியின் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள மண், வைக்கோல் தூள், கிரீஸ் எல்லாவற்றையும் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு கழுவுங்கள். கம்ப்ரஸர் காற்று கிடைத்தால் ஊதிவிடலாம். இந்தப் படியைத்தான் பலரும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். நாசிலுக்குள் ஊசிக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் ஒன்று போதும், ஊசி சிக்கிக்கொள்ள. துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் வெளிப்புறத்துக்கு நன்றாகவே உதவும். ஆனால் குழாய் முனைகளையும் நாசிலையும் அதனால் துடைக்காதீர்கள், நூல் உதிரும்.

பம்பிலிருந்து இன்ஜெக்டர்களுக்கு வரும் ஹை பிரஷர் பைப்புகளுக்கு ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று அடையாளம் இடுங்கள். பைப் நட்டுகள் 17 அல்லது 19 எம்.எம். ஸ்பேனருக்குப் பொருந்தும், பழைய இன்ஜின்களில் அங்குல அளவும் வரலாம். பம்ப் முனையில் நட்டைத் தளர்த்தும்போது அதன் கீழுள்ள அறுகோண ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஹோல்டரும் சேர்ந்து சுழன்று, கசிவில்லாத இடத்தில் புதிய கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். பைப்பை ஒரு முனை மட்டும் அவிழ்த்து வளைத்து ஒதுக்க வேண்டாம், இரண்டு முனையும் அவிழ்த்து முழுதாக எடுத்துவிடுங்கள். திறந்த முனைகள் அனைத்தையும் சுத்தமான பாலித்தீன் உறை கட்டி மூடுங்கள்.

அடுத்து ரிட்டர்ன் பைப். ஒவ்வொரு போல்ட்டிலும் கண்ணியின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மெல்லிய வாஷர்கள் இருக்கும். கீழ் வாஷர் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போவதுண்டு, எண்ணிப் பார்த்து எடுத்து வையுங்கள்.

இப்போது இன்ஜெக்டரின் இரு பிடிப்பு நட்டுகளையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். நட்டு வந்தபின் இன்ஜெக்டர் கையோடு வந்துவிட்டால் அதிர்ஷ்டம்தான். வராதபோது கோபத்தில் சுத்தியலால் தட்டுவதும், பைப் மாட்டும் முனையில் ஜாக்கி ராடு கொடுத்து நெம்புவதும் இன்ஜெக்டரைச் சாகடிக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் இன்ஜெக்டரின் உடலை ஸ்பேனரால் பிடித்து, பிடிப்பு நட்டு மாட்டும் ஸ்டட் இடங்கொடுக்கும் அளவுக்கு, இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் கரியின் பிடி விடும். அதற்கும் மசியாவிட்டால் பைப் மாட்டும் மரையில் ஸ்லைடு ஹாமர் (கம்பியில் நகரும் எடையால் இழுக்கும் கருவி) பொருத்தி நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். அந்தக் கருவி டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளில் இருக்கும்.

பழைய வாஷரைப் படித்தல்

இன்ஜெக்டர் வெளியே வந்ததும் அதன் நுனியில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உள்ளே குழியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கவனியாமல் புதியதைப் போட்டால் இரண்டு வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து, நாசில் உயர்ந்து, டீசல் பிஸ்டன் குழிவில் விழ வேண்டிய இடம் தவறி, கரும்புகை கக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, நுனி வளைத்த உறுதியான கம்பியால் கொக்கிபோட்டு எடுங்கள். கம்பி அடியில் உள்ள உலோக முகத்தைக் கீறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த வாஷரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரு முகங்களிலும் முழு வட்டமாகப் பளபளப்பு இருந்தால் அது நன்றாக அடைத்திருக்கிறது. அந்த வட்டத்தை உள்ளிருந்து வெளியே குறுக்காக அறுத்துச் செல்லும் கறுப்புக் கோடு தெரிந்தால், எரிந்த வாயு தப்பிய வழி அதுவே. கோடு மேல் முகத்தில் மட்டும் இருந்தால் இன்ஜெக்டரின் முகத்திலும், கீழ் முகத்தில் இருந்தால் ஹெட்டின் குழியிலும் கரியோ பள்ளமோ தேடுங்கள். வட்டம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால், முன்பு பொருத்தியவர் இரு நட்டுகளையும் சமமாக இறுக்கவில்லை என்று பொருள்.

குழியைச் சுத்தம் செய்தல்

வேலையின் வெற்றி தோல்வி இங்கேதான் முடிவாகிறது. கம்ப்ரஷன் முடிவில் ஏறத்தாழ 30 பாரும், எரியும் கணத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் அழுத்தம் வரும் இடத்தில், ஒரு கரித்துகளின்மேல் அமர்ந்த வாஷரை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. ஆனால் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பதுதான் நம்மில் பலருடைய முதல் வைத்தியமாக இருக்கிறது.

குழியின் அடியில் நாசில் நுனி நுழையும் சிறு துளை நேராகச் சிலிண்டருக்குள் திறக்கிறது. அதற்குள் கரி விழாமல் இருக்க, நீளமான நூல் கட்டிய துணித் திரியில் கிரீஸ் தடவி முதலில் அடைத்துவிடுங்கள். பிறகு, முனையைத் தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியால் வாஷர் அமரும் முகத்தைச் சுரண்டி, டீசல் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள். ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாளும் வேண்டாம். அவை விட்டுச்செல்லும் ஒரு கீறலே அடுத்த கசிவுக்கு வழி. முகம் முழுவதும் ஒரே நிறமாகத் தெரியும்வரை விடாமல் செய்துவிட்டுத் திரியை நூலால் இழுத்து எடுங்கள். பள்ளம் விழுந்த முகமாக இருந்தால், அதைக் கட்டரால் சமப்படுத்தும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

எஞ்சிய துகள்களை வெளியேற்ற, பேட்டரியை இணைத்து, இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை முழுவதும் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றலாம். குழிகளிலிருந்து கரி சீறிப் பறக்கும் என்பதால் யாரும் மேலே எட்டிப் பார்க்கக் கூடாது.

இன்ஜெக்டரின் வெளிப்புறக் கரியை டீசலில் ஊறவைத்துப் பித்தளை பிரஷ்ஷால் மென்மையாகத் தேய்க்கலாம். நுனித் துளைகளில் எந்தக் கம்பியையும் விடாதீர்கள். கழற்றியது கழற்றியபடி இருக்கும்போதே மூன்றையும் பம்ப் சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்று டெஸ்ட்டரில் போட்டுப் பார்த்துவிடுவது என் பரிந்துரை. திறக்கும் அழுத்தம் சரியா, தூறல் புகைபோலப் பரவுகிறதா, நுனி சொட்டுகிறதா என்பதை வீட்டில் சோதிக்க முடியாது.

பொருத்துதல்

புதிய வாஷரே சிறந்தது. கடை பூட்டிய நாளில் வேறு வழியில்லையென்றால், பழைய காப்பர் வாஷரை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். எஃகுபோலச் செம்பு இதனால் இறுகாது. மேலே படியும் கறுப்புப் பொருக்கை நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

வாஷர் இறங்கும் வழியில் நழுவாமல் இருக்க, நாசிலில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். இன்ஜெக்டரின் உடலில் மட்டும் மெல்லிய பூச்சாகக் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை எளிதாக வரும். வாஷர் அமரும் முகங்களில் சீலண்டோ ஷெல்லாக்கோ எதுவும் கூடாது. தூசி தடுக்கும் ரப்பர் வளையம் உள்ள மாடலானால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

இன்ஜெக்டரை நேராக இறக்கி, இரு நட்டுகளையும் கையால் ஓட்டி, பிறகு கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே என்று சமமாக இறுக்குங்கள். பெர்கின்ஸ் 3.152 வகைக்கு இறுக்க அளவு 16 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் மாடலின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீல் நட்டு இறுக்கிப் பழகிய கைக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் இதற்குமேல் போனால் இன்ஜெக்டரின் உடல் லேசாகத் திருகி, உள்ளே ஊசி பிடித்துக்கொள்ளும். ஆகவே இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரிஞ்ச் இரவலாவது வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் ரிட்டர்ன் பைப்பைப் புதிய வாஷர்களோடு மாட்டி, ஹை பிரஷர் பைப்புகளின் நட்டுகளைக் கையால் ஓட்டி, பம்ப் முனையை மட்டும் இறுக்குங்கள்.

ஏர் எடுத்தல்

டீசல் லைனில் ஏர் புகுந்திருக்கும். ஃபில்டரின் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை லிவரைக் குமிழி நிற்கும்வரை அடித்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். லிவர் அடித்தும் அழுத்தம் தெரியாவிட்டால் இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். ஃபீட் பம்பை இயக்கும் கேம் உயர்ந்த நிலையில் நின்றிருந்தால் லிவர் வேலை செய்யாது. மைக்கோ (இன்றைய பாஷ்) இன்லைன் பம்பானால், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் அமைந்த பம்பானால், அதன் பக்கவாட்டு ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். ஒரே சுழலும் பகுதி எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்பானால், பைப்புகள் கிளம்பும் ஹைட்ராலிக் ஹெட்டில் உள்ள ஸ்க்ரூவை முதலிலும், மேல்மூடியில் உள்ளதை அடுத்தும் இறுக்க வேண்டும்.

கடைசியாக, பேட்டரி இணைப்பு இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஸ்டாப் கேபிளை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுவதும் கொடுத்து, இன்ஜெக்டர் முனை நட்டுகள் தளர்ந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஆறவிடுங்கள். நட்டுகளின் அடியில் குமிழியற்ற டீசல் துள்ளியதும் சுழற்றுவதை நிறுத்தி மூன்றையும் இறுக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஓரிரு நிமிடம் வெண்புகையும் தடுமாற்றமும் இருக்கும்.

இன்ஜின் சூடாகி ஆறியபின் சோப்பு நீர் சோதனையை மறுபடி செய்து, பிடிப்பு நட்டுகளை அதே அளவுக்கு மட்டும் ஒரு முறை சரிபாருங்கள். வாஷரில் நுரை வராமலிருந்தும் கரும்புகை அடங்கவில்லை, அல்லது ஒரு சிலிண்டரில் மட்டும் கணீரென்று தட்டும் ஓசை கேட்கிறது என்றால், கோளாறு நாசிலுக்குள்ளோ பம்பிலோ இருக்கிறது. அதை வீட்டில் பிரிக்காமல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.