விபத்து வழக்குக்கு இட வரைபடம் தயாரிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவில் ஜூரி முறை 1969இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டதால், சாலை விபத்து வழக்கில் நாம் கொடுக்கும் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஒரு மாஜிஸ்திரேட்தான். அவரை உருகவைக்கும் ஓவியத்துக்கு அங்கே வேலையில்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நம்மவர்கள் வக்கீலிடம் கொண்டுவரும் ஸ்கெட்ச் பிளான்கள் பலவற்றில் கார் அழகாக இருக்கும், அளவுதான் இருக்காது.

இடத்துக்குப் போனதும் நகராத இரண்டு பொருள்களை, ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரு மதிலின் மூலையையும் போல, தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். டயர் தடத்தின் தொடக்கம், முடிவு, கண்ணாடிச் சில்லுகள் கிடக்கும் இடம் என ஒவ்வொரு புள்ளிக்கும் அவ்விரண்டிலிருந்தும் தூரம் எடுத்தால், வீட்டுக்கு வந்து காம்பஸில் இரண்டு வில்கள் போட்டு, அவை வெட்டும் இடத்தில் புள்ளியை வைத்துவிடலாம். வில்கள் இரண்டு இடங்களில் வெட்டும் என்பதால், புள்ளி எந்தப் பக்கம் என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். நிறுத்தியிருந்த வேனிலிருந்து அளந்தவரையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் வேன் போன பிறகு அந்த அளவை என்ன செய்வது?

ஒருவர் விழுந்து கிடந்த இடம் பல ஆண்டுகள் கழித்தும் பேசும். 1971இல் ஜோகன்னஸ்பர்க்கில் போலீஸ் காவலில் கட்டடத்தின் உயரத்திலிருந்து விழுந்து இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அஹ்மத் திமோலின் மரணத்தை 1972 விசாரணை தற்கொலை என்றது. 2017 மறுவிசாரணையில், விழுந்த பாதையைக் கணக்கிட்ட பொறியாளர் ஒருவரும் சாட்சியளிக்க, அவர் தள்ளப்பட்டார் என்று நீதிபதி மோத்லே முடிவுசெய்தார்.

1:200 அளவில் ஒரு சென்டிமீட்டர் இரண்டு மீட்டராகும். 20 மீட்டர் டயர் தடம் தாளில் 10 சென்டிமீட்டர் நீளும். ஆனால் நகலெடுக்கும்போது தாள் சுருங்கினால் இந்த விகிதம் பொய்யாகிவிடும் என்பதால், வடதிசை அம்புக்குறியின் அருகே ஓர் அளவுகோல் பட்டையையும் வரைந்துவிடுங்கள். படம் சுருங்கினால் பட்டையும் உடன் சுருங்கும். நகல் கறுப்பு வெள்ளையாகவே வரக்கூடும், எனவே வண்ணத்துக்குப் பதில் கோடிட்டு வேறுபடுத்துவதே பாதுகாப்பு.

மிகுந்த கவனம் வேண்டியது குறிவிளக்கப் பட்டியலுக்குத்தான். என் தொடக்கக் காலத்தில் ‘சி’ என்ற புள்ளிக்கு நேரே “மோதல் நடந்த இடம்” என்று எழுதியிருந்தேன். “அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா?” என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள், இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை. இப்போது “மோதிய இடம் என்று ஓட்டுநர் காட்டியது” என்றுதான் எழுதுகிறேன். பாதசாரி வேறோர் இடத்தைக் காட்டினால் அது ‘டி’ ஆகும். இரண்டையும் சமரசமாக்கி நடுவில் ஒரு புள்ளி வைப்பது நம் வேலையன்று. நாமே கண்டு அளந்தவற்றையும் பிறர் காட்டியவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

அளந்த நாள், நேரம், டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் பெயர், உங்கள் கையொப்பம் ஆகியவை தாளின் கீழே இருக்க வேண்டும். இடத்தில் நின்று கிறுக்கிய அழுக்குத் தாளை, வரைபடம் முடிந்துவிட்டது என்று கிழித்துப்போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அதுவாக இருக்கலாம்.